உனக்கென்று ஒரு டாக்டர்

அய்யா,

இன்றைக்கு உனக்கு ஏழு மாதம் நிறைந்தது. நீ பாயில் குப்புறக் கிடந்து ஒரு கரண்டியைப் பிடிக்கப் பார்க்கிறாய். கை பட்டுப் பட்டு அது தள்ளித் தள்ளிப் போகிறது. ஆனால் நான் எழுதுவது இந்த உனக்கு இல்லை. மீசை முளைத்து, வேலைக்கென்று ஏதோ ஓர் ஊருக்குப் போய், அங்கே முதல் தடவையாகக் காய்ச்சலில் தனியாகப் படுத்துக் கிடக்கப்போகிற உனக்கு. அந்த ஊரில் யாரிடம் போய் உன் உடம்பைக் காட்டுவாய் என்று எனக்கு இப்போதே யோசனை. உன் அம்மாவுக்கு வயது பத்தொன்பது. புத்தி சொல்கிற வயதில்லைதான். ஆனாலும் இந்த வயதுக்குள் டாக்டர்களின் வாசல் பெஞ்சில் என்னளவுக்கு உட்கார்ந்திருந்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். பேசக் கூச்சப்படுகிறவளுக்கு அங்கே என்ன வேலை? பார்த்துக்கொண்டே இருப்பேன். பார்த்ததைத்தான் உனக்கு எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது ஏலப்பாறைக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். ஒரே நீளக் கூரைக்குக் கீழே வரிசையாக ஆறு வீடு. ஒரு வீட்டில் தாளித்தால் ஆறாவது வீட்டில் தும்முவார்கள். நான் பத்தாம் வகுப்புப் படித்தபோது அம்மா சரிவில் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். வீட்டைப் பார்த்துக்கொள்ள நின்றேன். கால் கூடி அம்மா மறுபடி கொழுந்து எடுக்கப் போனார். நான் மட்டும் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போகவில்லை. கேட்டிருந்தால் அனுப்பியிருப்பார்கள். நான் கேட்கவில்லை. பகலில் லயத்தில் சும்மா இருக்கிற ஒரே ஆள் என்று ஆனதால் எனக்கு ஒரு வேலை வந்து சேர்ந்தது. எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. டாக்டரைப் பார்க்க யாராவது ஒருவர் ஜீப்பில் ஏலப்பாறைக்கு இறங்கினால், மற்ற வீட்டு நோவுகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போவார். ஆளாளுக்குப் போனால் ஆளாளுக்கு ஒருநாள் வேலை கெடும். அதனால் ஒருவர் போய் ஆறு வீட்டுக்கும் சொல்லி, ஆறு வீட்டுக்கும் மாத்திரை வாங்கி வருவார். பதினைந்து வயதிலிருந்து அந்த ஒருவர் நான். செல்லக்கனி அக்காவின் இருமல், மூன்றாம் வீட்டு மாமாவின் தலைச்சுற்றல், இன்னொரு வீட்டுக் குழந்தையின் வயிற்றுப்போக்கு என்று ஒப்பித்துக்கொண்டே ஜீப்பில் இறங்குவேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டாக்டர் இருந்தார். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே போவார், ஆளைக் கேட்க மாட்டார். லயத்தில் அவருக்கு நல்ல பெயர்.

ஒருநாள் அவர் ஊரில் இல்லை. வெறுங்கையோடு திரும்பக் கூடாதே என்று அரசு சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் ஒரு பெண் டாக்டர், மலையாளத்துக்காரர், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழில் பேசினார். செல்லக்கனி அக்காவுக்கு இருமல் என்றேன். படுத்தால் வருகிறதா, நடந்தால் வருகிறதா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. சளி என்ன நிறம்? அதுவும் தெரியவில்லை. ஆள் மெலிந்திருக்கிறாரா? தினம் பார்க்கிற ஆள், ஆனால் நான் அப்படிப் பார்த்ததில்லை. மாமாவின் தலைச்சுற்றலைச் சொன்னேன். எழுந்து நிற்கும்போதா, திரும்பிப் படுக்கும்போதா என்றார். ஒரு தலைச்சுற்றலுக்குள் இத்தனை கேள்வி இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. உடம்பு ஒரு பூட்டிய வீடு மாதிரியும், அவர் ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்க்கிற மாதிரியும் இருந்தது. கடைசியில் பேனாவை வைத்துவிட்டார். “நீ சொல்றதுல தப்பில்ல மோளே. ஆனா எனக்கு ஆளக் காணணும்,” என்றார். பிறகு என்னையே பார்த்து, “சரி, நீ வந்திருக்கல்லோ. உனக்கு என்ன?” என்று கேட்டார். அதுவரை எந்த டாக்டரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

மாத்திரை இல்லாமல் லயத்துக்குத் திரும்பினேன். எல்லாருக்கும் கோபம். “நேர்ல வந்து நிக்கணுமாமே. அந்தம்மா என்ன, பொண்ணா பாக்குறாக?” என்று செல்லக்கனி அக்கா கேட்டதில் ஆறு வீடும் சிரித்தது. அந்த டாக்டர் திமிர் பிடித்தவர், இனி அங்கே போகவேண்டாம் என்று முடிவானது. நான் பழையபடி பஸ் ஸ்டாண்டு டாக்டரிடமே போனேன். இதற்கப்புறம் நடந்ததுதான் நான் இன்றுவரை யாரிடமும் முழுசாகச் சொல்லாதது.

என் அப்பா, உன் தாத்தா, நெஞ்செரிச்சல் என்றார். கேஸ் மாத்திரை வாங்கி வா தாயி என்றார். வாங்கிக் கொடுத்தேன். அடுத்த வாரமும் கேட்டார். அந்த இரண்டு வாரத்துக்குள் நான் ஒன்றைப் பார்த்திருந்தேன். கொழுந்து மூட்டையோடு எடை போடும் கொட்டகைக்கு ஏறுகிற அப்பா, பாதி மேட்டில் நின்று ஒரு தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டார். பனிமூட்டமாய் மஞ்சு இறங்கி எல்லாருக்கும் குளிர்கிற நேரம். அவருக்கு மட்டும் வியர்த்திருந்தது. கொஞ்சம் நின்றார், பிறகு ஏறினார். இன்னொரு நாளும் அதே இடத்தில் நின்றார். மூன்றாம் முறை நான் போனபோது டாக்டர், “அப்பாவுக்கு அதே மாத்திரைதானே?” என்றார். நான் தலையாட்டினேன். மேட்டில் நின்றதைச் சொல்ல நினைத்தேன். அவர் கேட்கவில்லை. எனக்குப் பின்னால் இருபது பேர் நின்றார்கள். நான் சொல்லவில்லை. அந்த வாரமே அப்பா கொட்டகை வாசலில் விழுந்தார். தோட்டத்து ஜீப்பில் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நெஞ்சு எரிந்தது வயிற்றால் இல்லை, இருதயத்தால். பிழைத்துக்கொண்டார். ஆனால் இனி மூட்டை தூக்கக் கூடாது, மேடு ஏறக் கூடாது. ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் எங்களைக் கூப்பிட்டு, நடக்கும்போது இவர் நின்று நின்று போனதை யாராவது கவனித்தீர்களா என்று கேட்டார். கேட்டுவிட்டார் இல்லையா, நான் சொல்லிவிட்டேன். கட்டிலிலிருந்து அப்பா என் பக்கம் திரும்பினார்.

“நீ பாத்தியா தாயி?”

“பாத்தேம்ப்பா.”

“சொல்லிருக்கலாம்ல,” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒருநாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. இப்போது தேயிலைத் தொழிற்சாலை வாசலில் காவல் உட்கார்ந்திருக்கிறார். உன்னை முதலில் கையில் வாங்கியவர் அவர்தான்.

கொஞ்ச நாள் அந்த டாக்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நாள் என்னையே திட்டிக்கொண்டேன். பிறகு திட்டுவது போய் யோசனை வந்தது. நான் டாக்டரிடம் எடுத்துப் போனது அப்பாவின் நோயை இல்லை. அது கேஸ்தான் என்று அப்பா நினைத்த நினைப்பை. நோய் ஆளோடு மட்டும்தான் ஜீப்பில் ஏறும். அன்றிலிருந்து எந்த டாக்டர் வாசலில் உட்கார்ந்தாலும் நான் போர்டைப் பார்ப்பதில்லை, பட்டத்தைப் படிப்பதில்லை. வெளியே வருகிறவர்களைப் பார்ப்பேன். சிலர் சீட்டை மருந்துக்கடையில் நீட்டி, “டாக்டர் என்ன சொன்னார்? எனக்கு என்னவாம்?” என்று கடைக்காரரிடம் கேட்பார்கள். உள்ளேயே கேட்க முடிந்திருந்தால் அங்கே ஏன் கேட்கிறார்கள்? இப்படிக் கேட்கிறவர்கள் நிறைய இருந்தால் அந்த டாக்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் எனக்கு ஆகாது என்று வைத்துக்கொள்வேன். என்னைப் போன்ற ஆளுக்கு ஆகாது என்றுதான் சொல்கிறேன். சத்தமாகக் கேட்கத் தெரிந்தவர்களுக்கு அவரே போதும். நீ எப்படிப்பட்டவனாக வருவாய் என்று தெரியவில்லை. உன் அப்பாவைப் போல எதையும் நேராகக் கேட்கிறவனாக வந்தால் இந்தக் கடிதத்தில் பாதி உனக்குத் தேவைப்படாது.

பதினெட்டு முடிந்து நாலாம் மாதம் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தேன். பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோயமுத்தூர் எல்லையை ஒட்டித் தென்னந்தோப்பும் மாந்தோப்புமாகக் கிடக்கிற ஊர். மலையில் ஜன்னலைத் திறந்தால் மஞ்சு உள்ளே வரும். இங்கே காற்று மண்ணோடு வருகிறது. இந்த வீட்டுக்கு ஏற்கெனவே ஒரு டாக்டர் இருந்தார். வயதானவர், நாற்பது வருடமாகப் பார்க்கிறவர். மாம்பழம் இறக்கினால் முதல் கூடை அவர் வீட்டுக்குத்தான் போகும், அப்புறம்தான் சொந்தக்காரர்களுக்கு. உன் அப்பாவைச் சின்ன வயதில் பாம்பு கடித்தபோது, தன் காரிலேயே தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டியவர் அவர்தான். இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், இனி வருவதைப் படித்துவிட்டு நீ அவரைக் குறைவாக நினைத்துவிடக் கூடாது. அவர் நல்ல டாக்டர். இந்த வீட்டு மனிதர்களை எல்லாம் அவருக்குத் தெரியும். என்னை மட்டும் தெரியாது. நான் அவருக்கு மருமகள், அவ்வளவுதான்.

உன்னை மலையில் பெற்றுக்கொண்டு மூன்றாம் மாதம் இங்கே வந்தேன். இதை ஒரு மகனுக்கு எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எழுதாவிட்டால் பழைய தப்பையே செய்தவள் ஆவேன். வந்த பத்தாம் நாள் என் இடது மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டது. சிவந்து, தொட்டால் உயிர் போனது. கூடவே குளிர்காய்ச்சல். அத்தை, அதாவது உன் அப்பத்தா, என்னை அந்த டாக்டரிடம் கூட்டிப்போனார். நோயாளி உட்காரும் ஸ்டூலில் அத்தை உட்கார்ந்தார். நான் உன்னைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றேன். இந்த வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும் அப்படித்தான். எல்லாருடைய உடம்பையும் அத்தைதான் சொல்வார். காய்ச்சலுங்க, பச்சை உடம்பு, மலையிலிருந்து இறங்கி வந்தது, நம்ம ஊர் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி முடித்தார். டாக்டர் என் நாடியையும் நாக்கையும் பார்த்தார். வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார், அத்தையைப் பார்த்து. “வேறொண்ணுமில்லீங்க,” என்றார் அத்தை. அப்பாவின் மாத்திரைக்கு நான் தலையாட்டியது என் கண் முன்னால் வந்தது. வந்தும் நான் பேசவில்லை. அறையில் இன்னும் இரண்டு ஆண்கள் முறைக்குக் காத்து நின்றார்கள்.

ஊசி போட்ட அன்று காய்ச்சல் இறங்கும், மறுநாள் ஏறும். மூன்று நாள் கழித்து மறுபடி போனோம். மறுபடி அத்தைதான் சொன்னார். இதற்குள் உனக்கு அந்தப் பக்கம் கொடுப்பதை நான் நிறுத்தியிருந்தேன். நீ பசித்து அழுதாய். பால் பற்றவில்லை போலிருக்கிறது, டப்பாப் பால் வாங்கலாம் கண்ணு என்று அத்தை அன்பாகத்தான் சொன்னார். எனக்கு மட்டும் தெரியும், பால் இருந்தது, உள்ளே கட்டிக்கொண்டு நின்றது. இன்னும் கொஞ்ச நாள் போனால் அந்தப் பக்கம் உனக்கு இல்லாமலே போய்விடும் என்று பயந்தேன். ஒரு மத்தியானம் உன் அப்பா மோட்டாரைக் கழற்றிச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டே, அவரைப் பார்க்காமல், எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

“இத ஏன் டாக்டருகிட்ட சொல்லுல?”

“அவரு கேக்கல.”

“கேட்டாத்தான் சொல்லுவியா நீயி?”

அவர் கோபத்தில் கேட்கவில்லை, புரியாமல்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வி ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து அப்பா சொன்னதற்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. வேறு டாக்டரிடம் போகலாம் என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. அவருக்கு அது பெரிய விஷயம். முதல் கூடை மாம்பழம் போகிற வீட்டை விட்டுவிட்டு இன்னொரு வாசலில் நின்றால் ஊருக்கே தெரிந்துவிடும். அந்தப் பெரியவருக்கு மனசு வலிக்கும். ஆனாலும் உன் அப்பா, யாரிடம் போவது என்று அங்கன்வாடி டீச்சரிடம் விசாரித்து வந்தார். டீச்சர் இரண்டு பேரைச் சொல்லியிருந்தார். ஒருவர் வீட்டுக்குப் பக்கம், நல்ல ராசிக்காரர். இன்னொரு இடம் பஸ்ஸில் அரைமணி நேரம். அங்கே ஒரு பெண் டாக்டர், கெட்டிக்காரர்தான், ஆனால் கூட வருகிறவர்களை உள்ளே விடமாட்டாராம். பெற்ற தாயையே வெளியில் உட்கார வைத்துவிடுவார், கொஞ்சம் திமிர் என்று ஊரில் பேச்சாம். உன் அப்பா முதல் டாக்டரைத்தான் நினைத்திருந்தார். நான் இரண்டாவதைச் சொன்னேன். திமிர் என்ற சொல்லைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, அய்யா. ஊர் ஒரு டாக்டரைக் குறை சொன்னால் அந்தக் குறையை நன்றாகக் கேட்டுக்கொள். சில சமயம் உனக்கு வேண்டியதே அதுவாக இருக்கும்.

அத்தை எங்களோடு வராமல் விடவில்லை. பஸ்ஸில் எங்களுக்கு முன்சீட்டில் தனியாக உட்கார்ந்து வந்தார். எங்கள் முறை வந்ததும் எனக்கு முன்னால் எழுந்து உள்ளே போய், பழக்கத்தில் ஸ்டூலிலும் உட்கார்ந்துவிட்டார். டாக்டருக்கு முப்பது வயதுதான் இருக்கும். அம்மா, நீங்கள் கொஞ்சம் வெளியில் இருங்கள் என்றார்.

“நான் மாமியாருங்க. எல்லாம் எனக்குத்தானுங்க தெரியும்.”

“தெரியுமுங்க. அவங்க சொல்லட்டும். அப்புறம் உங்களயும் கூப்புட்டுக் கேக்கறேன்.”

அத்தை என்னைப் பார்த்தார். ‘அத்தை இருக்கட்டும்’ என்று நீ சொல்லேன், என்கிற பார்வை. நான் தரையைப் பார்த்தேன். அத்தை எழுந்து போனார். கதவு சாத்தியதும் அந்த ஸ்டூலில் நான் உட்கார்ந்தேன். எத்தனையோ பேருடைய நோவை மளமளவென்று ஒப்பித்தவள் நான். என்னுடையதை எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. டாக்டர் அவசரப்படுத்தவில்லை. உன்னை வாங்கி எடை பார்த்தார், உன் உள்ளங்காலைச் சுரண்டினார், நீ சிணுங்கினாய். பிறகு உன்னைப் பார்த்துக்கொண்டே, “இவன் எந்தப் பக்கம் நல்லாக் குடிக்கறான்?” என்று கேட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன் என்றும் நினைக்கிறேன். டாக்டர் பார்த்துவிட்டு, உள்ளே சீழ் வைத்திருக்கிறது, இதை நான் என் கையால் செய்ய மாட்டேன், இன்றைக்கே இந்த சர்ஜனைப் பாருங்கள் என்று அவரே போன் செய்து, சீட்டும் எழுதிக் கொடுத்தார். குழந்தைக்குப் பாலை நிறுத்தாதே, எப்படிக் கொடுப்பது என்று அங்கேயும் சொல்லித்தருவார்கள் என்றார். என்னால் முடியாது, அவரிடம் போ என்று முதல் நாளே சொல்கிற டாக்டரை விட்டுவிடாதே. எல்லாம் எனக்குத் தெரியும் என்கிறவரிடம் இது கிடைக்காது. சொன்ன சொல் தவறாமல் அத்தையையும் கூப்பிட்டார். காய்ச்சல் எந்த நேரத்தில் ஏறியது என்று கேட்டார். அத்தை மணி முதற்கொண்டு சொன்னார். ராத்திரியெல்லாம் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்திருக்கிறார், எனக்கே தெரியாது. டாக்டர் அதையெல்லாம் எழுதிக்கொண்டார். கடைசியில், உங்களுக்கு ஏதாவது உண்டா என்று அத்தையிடம் கேட்டார்.

“எனக்கென்னுங்க. நான் கல்லாட்ட இருக்கறேன்,” என்று அத்தை சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டார்.

அன்று சாயங்காலமே சர்ஜன் ஊசியால் சீழை எடுத்தார். ஐந்தாம் நாள் நீ இடது பக்கம் வாயை வைத்தாய். முதலில் நெற்றியைச் சுருக்கினாய், பிறகு குடித்தாய். வலித்தது. ஆனாலும் உன்னை எடுக்கவில்லை. பழைய டாக்டருக்கு விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது. உன் அப்பா நேரில் போய்ச் சொன்னாராம். பெரியவர், அந்தப் பெண்ணைப் பேச விட்டிருக்க வேண்டியது நான்தான் என்றாராம். இந்த வருடமும் முதல் கூடை அவருக்குத்தான் போனது. அத்தையே கொண்டுபோய்க் கொடுத்தார். அத்தைக்கு இன்றைக்கும் சளி, காய்ச்சல் என்றால் அவர்தான். ஒரு வீட்டுக்கு ஒரே டாக்டர்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

ஒரு மாதம் கழித்து என்னை மறுபடி காட்டப் பெண் டாக்டரிடம் போனோம். இந்த முறை யாரும் சொல்லாமலே அத்தை வெளியில் உட்கார்ந்துகொண்டார். நான் பார்த்துவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். அத்தை உன்னை என் மடியில் வைத்தார். முந்தானையைச் சரிசெய்துகொண்டார். அடுத்த முறை யாருடையது என்று சுற்றிப் பார்த்தார். யாரும் எழவில்லை. எழுந்து உள்ளே போய், கதவை அவரே சாத்திக்கொண்டார். நீ என் தாலிக் கயிற்றைக் கடித்துக்கொண்டிருந்தாய். உள்ளே நெடுநேரம் ஆனது. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து எல்லாருடைய வயிற்றையும் தலையையும் மூட்டையும் பற்றிப் பேசிய அந்த மனுஷிக்குச் சொல்ல என்ன இருந்திருக்கும் என்று நான் யோசித்து யோசித்துப் பார்த்தேன். வெளியே வந்தபோது முகம் கழுவினவர் மாதிரி இருந்தார். கையில் ஒரு சீட்டு. அதை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். பஸ் பாதி தூரம் வந்ததும் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

“என்ன பேசினீங்கன்னு நீயி கேக்க மாட்டயா அம்முணி?”

“கேக்க மாட்டேன் அத்தே.”

அவர் தலையை ஆட்டினார். கொஞ்ச நேரத்தில் என் மடியிலிருந்து உன்னை வாங்கிக்கொண்டார். இன்றுவரை எனக்குத் தெரியாது. மாதம் ஒருமுறை தனியாகப் பஸ் ஏறிப் போய்விட்டு வருகிறார், நடையில் ஒரு லேசு தெரிகிறது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

உனக்கும் ஒருநாள் அப்படி ஒன்று வரும், அய்யா. அன்றைக்கு நீ எந்த ஊரில் இருந்தாலும் நான் உன்கூட வருவேன், வராமல் இருக்க என்னால் முடியாது. பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே என்ன சொல்கிறாய் என்று தெரிந்துகொள்ள எனக்குத் தவிப்பாக இருக்கும். நீ உள்ளே போனதும் கதவைச் சாத்திக்கொள்.

உன் அம்மா